அண்ணன் எழுந்திருப்பதற்குள்

வீடியோ கேம் பெட்டி மறுபடியும் அதே சத்தத்தைப் போட்டது. உர்ரென்று ஒரு சுற்று, அப்புறம் டக், டக், டக், அப்புறம் பேச்சு மூச்சில்லை. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, சரியான டிஸ்க்கைப் போடவும் என்று டிவியில் இங்கிலீஷில் ஓர் அறிவுரை வந்து நின்றது. சரியான டிஸ்க்காம். போன வாரம் வரைக்கும் இதே டிஸ்க்கைத்தானே வாங்கி விழுங்கினாய், இப்போது மட்டும் என்ன கேடு வந்தது உனக்கு என்று லோசனி பல்லைக் கடித்தாள். வாய்விட்டுத் திட்ட வழியில்லை. பக்கத்து அறையில் அண்ணன் தூங்குகிறான், கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது, முழுக்கச் சாத்தினால் அவனுக்கு ஆகாது. அவள் டிஸ்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நேற்றே அதன் முதுகில் பற்பசையைத் தடவி, வட்டமாகத் தேய்த்து, கழுவித் துடைத்தாயிற்று. அது அவள் வீட்டுக்காரர் கதிரேசன் சொன்ன வைத்தியம். மோட்டார் பம்பு விற்கிற கடையில் உட்கார்ந்திருப்பவர், உலகத்தில் இருக்கிற எல்லா இயந்திரத்துக்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பார். டிஸ்க்குக்குக் கிராம்பு வாசனை வந்ததுதான் மிச்சம். கதிரேசனின் அக்கா பையன் வெளிநாடு போகும்போது, மாமா நீங்க வச்சுக்கோங்க என்று தூக்கிக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டி இது. இந்த வீட்டில் யார் விளையாடப் போகிறார்கள் என்று அலமாரி மேல் கிடந்தது. அண்ணன் வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் அவனாகவே எடுத்து, அவனாகவே ஒயரைச் செருகி, கார்ப் பந்தயத்தைப் போட்டான். பந்தயம் என்று பேர்தான். மற்ற கார்கள் எல்லாம் தலைதெறிக்கப் பறக்கும், அண்ணன் ஓரமாக, மாட்டு வண்டியை ஓட்டுகிறவன் மாதிரி போவான். சிக்னல் சிவப்பாக இருந்தால் நிற்பான். திரையில் வருகிற மனிதர்களுக்கு வழி விடுவான். தினமும் கடைசியாக வருவான், வந்து, அப்பாடா என்று கன்ட்ரோலரைக் கீழே வைப்பான். அந்த அப்பாடாவைக் கேட்டால்தான் லோசனிக்கு அன்றைய பொழுது நல்லபடியாகக் கழிந்தது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டு நாலைந்து நாள் ஆகிவிட்டது. அண்ணன் தினமும் பெட்டியைப் போடுகிறான், டக் டக் கேட்கிறது, நீலத் திரையைப் பார்த்தபடி இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான். ஏன் ஓடவில்லை என்று கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கோபப்பட்டிருந்தால், கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்திருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

போன் அதிர்ந்தது. கதிரேசன்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"என்னா, ஓடுதா?"

"இல்லைங்க. பேஸ்ட்டுக்கெல்லாம் மசியலை. கழட்டிப் பாத்துடலாம்னு இருக்கேன்."

"நீ ஒண்ணும் கைய வைக்காதே. நான் வந்து பாக்குறேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அண்ணன் எழுந்துடுவான். அவன் முன்னாடி கழட்டுனா என்னா ஏதுன்னு பாப்பான். தூங்கும்போதே முடிச்சுடறேன்."

கதிரேசன் குரலைத் தாழ்த்தினார். "மோரு?"

"எழுந்ததும்தான்."

"சரி, பாத்து" என்று வைத்துவிட்டார்.

மோரு என்றால் அவர்கள் இருவருக்கும் மோர் மட்டும் இல்லை. கடுகு டப்பாவுக்குப் பின்னால், மடித்த காகிதத்துக்குள், பூண்டு நசுக்குகிற குட்டி உரலில் இடித்த மாத்திரைப் பொடி இருக்கிறது. புளித்த மோர், கல்லுப்பு, பெருங்காயம், கொத்தமல்லித்தழை, இஞ்சிச் சாறு என்று எல்லாவற்றையும் கொட்டிக் கசப்பை அமுக்கிவிடுவாள். மாத்திரையை நேராகக் கொடுத்தால் அண்ணன் வாங்கமாட்டான், எனக்கு என்ன கேடு என்று கேட்பான். அவனைப் பொறுத்தவரை அவனுக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்கள்தான் சரியில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, இப்போதைக்கு இப்படிக் கொடுங்கள், கொஞ்சம் தெளிந்ததும் அவரிடமே சொல்லிவிடுங்கள் என்றார். தெளிந்துதான் இருந்தான். சொல்லத்தான் முடியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைப்பாள், டம்ளரைக் கையில் கொடுப்பாள், அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான், ஒரு சொட்டு மிச்சம் இருக்காது, சரி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவாள். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா இருந்தபோது ஆகிவிட்ட ஒன்றுதான். அம்மா தேங்காய்ச் சட்னியில் கலந்தாள். ஒருநாள் சரியாக இடியாத துணுக்கு ஒன்று அண்ணன் தட்டில் வெள்ளையாகக் கிடந்தது. அதை விரலில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கை கழுவினான், சட்டையை மாட்டினான், வீட்டுச் செருப்போடு வாசலைத் தாண்டினான். ஆந்திராவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில், பிளாட்பாரத்துக் குழாயடியில், அடையாளம் தெரியாத தாடியோடு அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாசங்கள் ஓடி, அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தும்விட்டாள். அண்ணன் திரும்பி வந்து பார்த்தது மாலை போட்ட படத்தைத்தான். இன்னொரு முறை அவன் அப்படிப் போனால் தேடுவதற்கு லோசனிக்குத் தெம்பு இல்லை. இன்னொரு முறை அவன் கிடைப்பான் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அவள் கையால் கொடுப்பதை அவன் வாங்கிக் குடிக்கிற வரைக்கும்தான் அவன் இந்த வீட்டில் இருப்பான். அந்த நம்பிக்கை போனால் எல்லாம் போயிற்று.

பெட்டியைப் பழைய போர்வையின் மேல் கவிழ்த்தாள். சத்தம் வரக்கூடாது என்றுதான் போர்வை. போனில் ஒரு பையன் இந்தியில் கடகடவென்று பேசிக்கொண்டே இதே மாதிரிப் பெட்டியைக் கழற்றுகிற வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு நேற்றே பார்த்து வைத்திருந்தாள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதற்குக் கீழே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அதை எடுத்தால்தான் மேல்மூடி வரும், உள்ளே டிஸ்க் சுற்றுகிற இடம், அங்கே கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ், லென்ஸ், அதில் தூசி படிந்தால் டிஸ்க்கைப் படிக்காது. ஊசி போடுவதற்கு முன் தடவுகிற ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். அவ்வளவுதானே, இட்லித் தட்டு தேய்ப்பதைவிடச் சுலபம் என்று நேற்று தோன்றியது. இன்று விரல் வியர்த்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. அறைக்குள்ளிருந்து கட்டில் ஒருமுறை முனகியது. அவள் கையை அப்படியே நிறுத்தினாள். புரண்டு படுக்கிறான். சுவர்ப் பக்கமா, கதவுப் பக்கமா. கதவுப் பக்கம் படுத்தால் அந்த இடுக்கு வழியாகக் கூடத்தில் பாதி தெரியும். டிவி தெரியும். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் தெரிவாளா. எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தாள், எட்டிப் பார்க்கிற தலையை அவன் பார்த்துவிட்டால் அதைவிட வினை வேறு வேண்டாம், சொந்த வீட்டில் திருடி மாதிரி என்ன பிழைப்பு இது. மூச்சுச் சத்தம் சீராக வந்தது. சீராக வந்தால் தூக்கமா, தூங்குவது போலப் படுத்திருப்பவனும் சீராகத்தானே மூச்சு விடுவான். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது பீரோவுக்குப் பின்னால் அவன் மூச்சை அப்படி அடக்குவான், அவள் தேடித் தேடி அழுகிற நேரத்தில்தான் பாப்பா இங்க இருக்கேன் என்று வெளியே வருவான். எத்தனை தேடினாலும் அவனாக வந்தால்தான் உண்டு.

நகத்தால் ஸ்டிக்கரை நெம்பினாள். அது கிழியும் என்று நினைத்திருந்தாள், கிழியவில்லை, மூடி மாதிரி அப்படியே எழுந்து வந்தது. அடியில் பசை காய்ந்து பொருக்காக இருந்தது, தபால் உறைக்குப் போடுகிற சாதாரணப் பசை. ஒருவேளை கதிரேசனின் அக்கா பையன் எப்போதாவது திறந்திருப்பான் என்று நினைத்தாள். அவன் திறந்து மூடியிருந்தால் இதெல்லாம் சகஜம்தான். ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தாள். முக்கித் திருகுவதற்குத் தோளைக் கூட்டிக்கொண்டாள், அது விரலால் தொட்டதுக்கே சுற்றி வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. மூலையில் இருந்தது மட்டும் வேறு நிறத்தில், பித்தளையில், இந்தப் பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்க்ரூ. அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தியவள் கண்ணில் அண்ணன் அறைக் கதவின் தாழ்ப்பாள் பட்டது. நாலு ஸ்க்ரூவில் ஒன்று இல்லாமல் தாழ்ப்பாள் கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகிக் கீச் கீச்சென்று நின்றது. இனி புழுக்கத்தில் எழுந்துவிடுவான். விட்டுவிடு, மூடி வைத்துவிடு என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை, பெட்டியை நிமிர்த்தி மேல்மூடியைத் தூக்கிவிட்டது.

உள்ளே தூசி இல்லை. அதுதான் முதலில் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்துப் பெட்டிக்குள் தூசி இல்லாமல் இருக்குமா, யாரோ துணியால் துடைத்து வைத்திருக்கிறார்கள், மூலை முடுக்கெல்லாம், பூஜை மாடத்தைத் துடைக்கிற பக்குவத்தில். லென்ஸைத் தேடினாள். வீடியோவில் நீலமாக மினுங்கிய இடத்தில் இங்கே கறுப்பாக வட்டமாக ஒன்று இருந்தது. தூசிதான் இப்படிக் கட்டிவிட்டதோ என்று பஞ்சை எடுத்தவள், குனிந்து பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே போட்டாள். பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு. அவளுடையது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அவள் வைக்கிற சின்னக் கறுப்புப் பொட்டு, குளிக்கும்போது எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாளே, அதில் ஒன்று. லென்ஸின் மேல் நட்ட நடுவில், ஓரம் பிசகாமல், யாரோ நெற்றியில் வைப்பது போல வைத்து அழுத்தியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. பெட்டியில் ஒன்றும் கெடவில்லை. அதன் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறான். கட்டிவிட்டுத் தினமும் சாயங்காலம் அதற்கு எதிரே உட்கார்ந்து, அது தேடுவதையும் டக் டக்கென்று முட்டிக்கொள்வதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அப்படியென்றால் திரும்ப ஆரம்பித்துவிட்டது. முதல்முறையும் இப்படித்தான், ஓசூர் கம்பெனியில் வேலையில் இருந்தபோது கடிகாரத்தின் முகத்தில் காகிதம் ஒட்டினான், அப்புறம் டியூப் லைட், அப்புறம் அம்மாவின் மூக்குத்திக் கல். அப்படியென்றால் மாத்திரை கேட்கவில்லையா. அல்லது மாத்திரை உள்ளே போகவில்லையா. போகிறதே, கண் முன்னால் குடிக்கிறானே, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறாளே. குளியலறைக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுக்கிறானா. சத்தம் கேட்டிருக்குமே. அளவைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும், கூட்டினால் கசக்கும், கசந்தால் கண்டுபிடிப்பான், கண்டுபிடித்தால் செருப்பு. இந்தப் பொட்டை உரித்துவிட்டால் பெட்டி ஓடும். ஓடினால் யார் உரித்தது என்று கேட்பான். விட்டுவிட்டால் ஓடாது, ஓடாமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியது போல. அவளுக்கு வேண்டியதோ அந்த அப்பாடா. என் பொட்டை ஏன் எடுத்தான், இன்சுலேஷன் டேப் இருக்கிறது, பசை இருக்கிறது, ஏன் என் பொட்டு. என்னையும் அந்தப் பக்கத்து ஆளாக நினைத்துவிட்டானா. நினைத்தால்தான் என்ன தப்பு, அந்தப் பக்கத்து ஆள்தானே நீ, கடுகு டப்பாவுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாய். நினைக்க நினைக்க அது சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து முட்டி நின்றது. கடைசியில் பொட்டைத் தொடவில்லை. மேல்மூடியை வைத்து அமுக்கினாள், பெட்டியைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகினாள், பித்தளை ஸ்க்ரூவை மட்டும் எந்த மூலையிலிருந்து எடுத்தோம் என்று மறந்துபோய் வாயில் கவ்விக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடிட்டியா?"

அண்ணன் நிலைப்படியில் நின்றான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், கன்னத்தில் தலையணைத் தடம் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவள் ஸ்க்ரூவை உள்ளங்கையில் துப்பினாள்.

"ஓடலையேன்னு, தூசியா இருக்கும்னு பாத்தேண்ணா."

"அதை எடுத்துட்டியா?"

எதை என்று கேட்கலாம். கேட்கத் தெம்பில்லை. "இல்லைண்ணா. அப்படியேதான் இருக்கு."

"நல்ல வேளை" என்று அவன் வந்து போர்வையில் அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் கையிலிருந்து ஸ்க்ரூவை வாங்கி, சரியான மூலையில் வைத்து நகத்தால் திருகினான். "உன்கிட்ட கேக்காம எடுத்துட்டேன் பாப்பா. கண்ணாடியில நாலஞ்சு ஒட்டியிருந்துச்சு. கோவிச்சுக்காதே. வேற எதை ஒட்டினாலும் அது வழியா பாத்துடும். நீ வச்சிருந்ததுன்னா அடங்கும்னு தோணுச்சு."

"என்னாத்தைப் பாக்குதுண்ணா?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்துக்கு அருகே வந்து, ரகசியமாகச் சொன்னான். "நான் குடிக்கிறேனா இல்லியான்னு."

லோசனியும் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"மோர்ல கலக்குறாங்க. ரொம்ப நாளா. அடியில கசப்பு நிக்குது. மாப்பிள்ளையா, பால் ஊத்துறவனா, அது தெரியலை. நீ பாவம் ஒண்ணும் தெரியாம உப்பைப் போட்டுக் கலக்கி எடுத்துட்டு வர்றே."

"தெரிஞ்சுமா குடிக்கிறே?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பின்னே? நான் வேணாம்னு வச்சா அது மிச்சமாகும். உனக்குத்தான் எதையும் கீழ ஊத்த மனசு வராதே, அம்மா மாதிரியே. எடுத்து நீ குடிச்சிடுவே." அவன் பெட்டியின் மேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தான். "அன்னிக்கு அந்தத் தப்பைத்தான் பண்ணிட்டேன். சட்னியைத் தட்டோட அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அம்மா இல்லை. இந்தத் தடவை எங்கயும் போக மாட்டேன் பாப்பா. நீ பயப்படாதே."

நான்தான் அண்ணா என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. வந்து நின்றது. சொன்னால் அவன் செருப்பை மாட்டுவான். சொல்லாவிட்டால் தினமும் இவளுக்காக விஷம் குடிப்பான். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை, யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. அவ்வளவு வெட்கம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

"கொண்டா, நேரமாச்சு" என்றான் அண்ணன்.

அவள் எழுந்து போனாள். மோரை ஊற்றினாள், உப்புப் போட்டாள், கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். கடுகு டப்பாவை நகர்த்திக் காகிதத்தை எடுத்து, பிரித்து, பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டாமல் விட்டால் இந்தக் கண் கட்டுகிற வேலை இதோடு நிற்காது, ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போவான். கொட்டினாள். கரண்டியால் கலக்கினாள். தினமும் போலவே கை தானாகக் கலக்கியது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண்ணை இறுக மூடி, தலையை அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தான். இத்தனை நாளும் அவன் இப்படித்தான் குடித்திருக்கிறான், அவள்தான் தொண்டையை மட்டும் பார்த்திருக்கிறாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழவில்லை என்று அவளுக்குக் காட்டினான்.

"நீ இதைத் தொடக் கூடாது, சரியா?"

"சரிண்ணா" என்றாள் லோசனி.